படுகளமும் கணினி விளையாட்டும்

போரை ஆடிக் காட்டுங் கலை போரைப் போற்றுதற்கே எழுந்தது என்பர் சிலர். அஃது ஆராயத்தக்கது. காஞ்சிபுரத்தை அடுத்த மாகறல், ஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தொண்டைநாட்டுத் தலம். அந்நாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களில் பாரதக் கூத்தின் முடிவாக நிகழ்வது படுகளம். மண்ணாற் சமைத்த துரியோதனன் பேருருவின் தொடையை வீமன் வேடம் பூண்டார் பிளப்பார். திரௌபதி கூந்தல் முடிப்பாள். வெற்றியோடு ஆட்டம் முடிவதில்லை. பல ஊர்களில் காந்தாரி வந்து மகனுக்காக ஒப்பாரி வைப்பாள். வென்றார் பக்கம் நின்ற ஊரார், தோற்றான் தாயின் அழுகைக்குஞ் செவிசாய்க்கின்றனர்.

இம்மரபோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது, போலந்து நிறுவனமொன்று 2014-இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்னுங் கணினி விளையாட்டு. 1992 முதல் 1996 வரை நிகழ்ந்த சரயேவோ முற்றுகையை உட்கொண்டு அது படைக்கப்பெற்றது. ஆடுவோர் ஈண்டு நடத்துவது படைவீரரை அன்று, முற்றுகையுட்பட்ட குடிமக்களை. முதிய இணையர் இல்லத்து உணவைக் கவர்ந்தால் பசி தீரும். கவர்ந்தவரோ உள்ளம் நைந்து சோர்வர்.

வேறுபாடும் உண்டு. காந்தாரியின் துயரைக் கூத்தில் நாம் காண்கின்றோம். இவ்விளையாட்டிலோ துயரை விளைப்பது நம் கையே. ‘ஆடுதல்’ என்னுஞ் சொல் கூத்துக்கும் விளையாட்டுக்கும் பொதுவாதல் கருதின், வன்முறையை வினவும் இத்தகைய ஆட்டங்களும் தமிழாய்வின் எல்லைக்குள் வரத்தக்கனவே என்க.