பாசலில் பிறந்த ஒரு நோய்ப்பெயர்

இரவு பதினொன்றரைக்குப் பிறகு, கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் பின்கதவால் வெளியே வந்து நிற்கும் பத்து நிமிடங்களில்தான் நாங்கள் மனிதர்களாய்ப் பேசிக்கொள்கிறோம். எங்களோடு வேலை செய்த ஒருவர் அந்தப் பேச்சிலும் சேராமற் போனார். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, பிறகு வேலைக்கும் வரவில்லை. "ஏழரைச் சனி" என்றோம். "கனக்க யோசிக்கிறான்" என்றோம். 'விசர்' என்ற சொல்லை அவர் இல்லாத இடத்தில் மட்டும் சொன்னோம்.

நாங்கள் கோப்பை கழுவும் இதே பாசல் நகரில், 1688இல், யோகான்னஸ் ஹோஃபர் என்ற பத்தொன்பது வயது மருத்துவ மாணவர் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். இங்குள்ள சனங்கள் 'ஹைம்வே', அதாவது வீட்டு நோவு, என்று சொல்லிவந்ததற்கு, திரும்புதல், வலி என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நொஸ்டால்ஜியா' என்று அவர் பெயர் சூட்டினார். இன்று பழைய பாட்டுக் கேட்கையில் வரும் இனிய ஏக்கத்துக்கு அந்தப் பெயர். அன்று அது ஆளைக் கொல்லும் நோய். விடாத துக்கம், நித்திரைக் குழப்பம், பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு, காய்ச்சல் என்று அவர் எழுதிய அறிகுறிகளை வாசித்தபோது எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பேர்ணிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவனைப் பற்றியும் அவர் எழுதுகிறார். சாகக் கிடந்தவன். ஊருக்குக் கூட்டிப்போக ஆயத்தம் செய்ததுமே தேறத் தொடங்கி, பேர்ண் போய்ச் சேருமுன்பே சுகமாகிவிட்டான். இன்றைக்கு ரயிலில் ஒரு மணித்தியாலப் பயணம்!

வெளிநாட்டு மன்னர்களுக்குக் கூலிப்படையாய்ப் போன சுவிஸ் வீரர்களிடம் இது அதிகம் காணப்பட்டதால் 'சுவிஸ் நோய்' என்றே பெயராயிற்று. மாடு மேய்ப்போரின் மெட்டொன்றை அவர்களிடையே இசைப்பது தடைசெய்யப்பட்டிருந்ததாக ரூசோ 1768இல் தம் இசை அகராதியில் எழுதினார். ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியவர் சூரிச் அறிஞர் ஷொய்க்ஸர். சுவிஸ்காரர் மனம் பலவீனமானது என்ற இழிவை அவரால் பொறுக்க முடியவில்லை. மலையின் மெல்லிய காற்றில் வளர்ந்த உடலைச் சமவெளியின் கனத்த காற்று அழுத்துகிறது, குற்றம் காற்றில்தான் என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். ஊருக்கு அனுப்ப முடியாவிட்டால் குன்றிலோ கோபுரத்திலோ இருத்தச் சொன்னார்.

அவருக்குக் காற்று, எங்களுக்குச் சனி. இரண்டும் மானத்தைக் காக்கும் ஏற்பாடுகளே. சனி பெயர்ந்தால் ஆள் முழுதாய் மீளலாம். அங்கொடையின் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஊரிலிருக்கும் தங்கச்சிக்குப் பேசிவரும் சம்பந்தமும் குழம்பும். ஹோஃபரின் மருந்தோ எங்களுக்கு இல்லை. அகதியாய் ஏற்கப்பட்டவர் ஊர் போய்வந்தால் அந்த அந்தஸ்தே பறிபோகலாம்.

எங்கள் நண்பர் மருத்துவரிடம் போகத்தான் செய்தார். மொழிபெயர்க்க வந்தவர் பக்கத்து ஊர்க்காரர். அதனால் தலையிடி, நாரிநோவு என்று மட்டும் சொல்லிக் குளிசையோடு திரும்பினார். இப்படி மூன்று முறை. நான்காம் முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று சொல்லி எங்களில் ஒருவர் கூடப் போனார். எங்கள் ஜேர்மன் சமையலறை ஜேர்மன், அதில் கத்திக்கும் கரண்டிக்கும்தான் சொல் உண்டு. கேள்விகளுக்கெல்லாம் தலையைக் குனிந்திருந்த நண்பர் கடைசியில் "ஹைம்வே" என்றார். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை வருடமாய் என்று கேட்டார்.

அடுத்த தவணை வியாழக்கிழமை. முதலாளியிடமும் மற்றப் பெடியளிடமும் பல்லுக்கொதி என்று சொல்லியிருக்கிறோம்.