நடு வரிசைக்காரர்கள்

தாத்தாவுக்குக் கிங்காங் என்றால் ஒரே ஆள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில், வாடகைக்கு எடுத்து வந்த ரெஸ்லிங் கேசட்டில் கிங்காங் பண்டி வந்தான். “இவன் கிங்காங் இல்லடா. கிங்காங் சிங்கப்பூர்ல இருந்தான்” என்று சொல்லிவிட்டுத் தாத்தா வெற்றிலைப் பெட்டியோடு வாசலுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அசல் கிங்காங்கின் பெயர் எமில் சாயா. 1909-ல் பிறந்த ஹங்கேரிக்காரர். ஊர் ஊராகக் குஸ்தி போட்டு, கடைசியில் சிங்கப்பூரில் தங்கி, 1970-ல் அங்கேயே இறந்தார். போருக்குப் பிறகு மலாயாவில் பொழுதுபோக்குப் பூங்காக்களின் காலம். ஈப்போவில் ஜூபிலி பார்க் இருந்தது. சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்டு, நியூ வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு. படம், கேபரே, சூதாட்டக் கடை, கூடவே குஸ்தி.

அந்தக் காலத்தில்தான் தாரா சிங் வந்தார். 1947-ல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்து, தகர டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். கிரேட் வேர்ல்டில் ஹர்னாம் சிங்கிடம் பயிற்சி எடுத்தார். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி ‘மலேசிய சாம்பியன்’ ஆனார். சாம்பியன் ஆன பிறகு அவருக்கு முன்னால் கிங்காங் போன்ற வெள்ளைக்கார ராட்சதர்களை நிறுத்தினார்கள். முதலில் தன் இனத்து ஆளை ஜெயிக்க வேண்டும், பிறகுதான் பெரிய இடத்து ஆளோடு மோதக் கிடைக்கும். குஸ்தியில் ஒருவரை மேலே ஏற்றும் வழி அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

“முடிவ முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்களாமே தாத்தா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரியும்டா. துரியோதனன் சாவான்னு தெரிஞ்சுதானே விடிய விடிய கூத்து பாக்குறோம்?”

தோட்டத்தில் துரை வெள்ளைக்காரர். அவர் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றவர்கள், இரண்டு வெள்ளி கொடுத்து உள்ளே போனால் ஒரு வெள்ளைக்காரன் தரையில் விழுவதைப் பார்க்கலாம். தாரா சிங்கின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவரைக் கதாநாயகனாக ஏற்றியதில் பெரிய பங்கு, டிக்கெட் வாங்கிய அந்தக் கைகளுடையது என்பதே என் எண்ணம். இன்றைக்கும் வீராப்புப் பேசுகிறவனிடம் “பெரிய தாரா சிங்குன்னு நெனப்பா?” என்று கேட்கிறோம். அந்தப் பெயர் நம் பேச்சில் தங்கியதற்கும் அந்தக் கைகள்தான் காரணம்.

எங்கள் தலைமுறைக்குக் கேசட்டில் வந்தது வேறு உலகம். அங்கே உச்சியில் ஹல்க் ஹோகன். அடியில் தோற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள். 1985 மார்ச் 31-ல் நடந்த முதல் ரெஸ்ல்மேனியாவில் கிங்காங் பண்டியிடம் தோற்ற எஸ்.டி. ஜோன்ஸ் அப்படி ஒருவர். ஆண்டிகுவா தீவில் பிறந்த கறுப்பர். ஒன்பது வினாடியில் தோற்றார் என்று அறிவித்தார்கள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இருபது வினாடிக்கு மேல் நின்றிருப்பார். பால் ஸ்டோரில் எடை குறைத்து எழுதிய கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது புதிதாகப் படவில்லை.

உச்சிக்கும் அடிக்கும் நடுவே இருந்தவர்கள்தான் எங்களுக்குப் பிடித்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு பெல்ட் உண்டு: இன்டர்கான்டினென்டல். 1979-ல் பேட் பேட்டர்சனுக்கு அதைக் கொடுத்தபோது, ரியோ டி ஜெனிரோவில் போட்டி நடந்ததாகச் சொன்னார்கள். அப்படி ஒரு போட்டி நடக்கவே இல்லை. ஆனால் அந்தப் பொய்ப் பெல்ட்தான் நிஜமான ஏணி ஆனது. பிரெட் ஹார்ட் 1991 ஆகஸ்டில் அதை ஜெயித்தார். அடுத்த வருடம் லண்டன் வெம்ப்ளியில் தன் தங்கை கணவரிடமே அதைத் தோற்று, அந்தத் தோல்வியிலேயே பெரிய ஆளானார். அக்டோபரில் ரிக் ஃபிளேரை வீழ்த்தி உச்சிக்குப் போனார். அன்று லயத்துப் பையன்கள் மைலோ டின்னைத் தட்டிக்கொண்டு ஓடினோம்.

என் பெரியப்பா மண்டோராக இருந்தவர். வெட்டுக்காரருக்கு மேலே மண்டோர், அதற்கு மேலே கிராணி, அதற்கும் மேலே துரை. மண்டோர் ஆக்குவது துரையின் கையில். ஆனால் மரத்தடியில் நிற்கிறவர்கள் மதிக்காவிட்டால் அந்த மண்டோர் மூன்று மாதம் தாங்க மாட்டார். பெரியப்பா இருபது வருடம் தாங்கினார். கிராணி மட்டும் ஆகவே இல்லை. பிரெட் ஹார்ட் ஜெயித்த கேசட்டை அவர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

நம்மைப் போன்ற முகம் கொண்டவர்களுக்கு அந்த ஏணியில் வேறு கதை. பிரெட் ஹார்ட்டின் அப்பா கனடாவின் கால்கரியில் நடத்திய ஸ்டாம்பீட் ரெஸ்லிங்கில் காமா சிங் என்ற பஞ்சாபி இருந்தார். அவரைக் கராச்சிக்காரன் என்று காட்டி வில்லனாக்கினார்கள். அவருடைய குழுவில் ‘மக்கன் சிங்’ என்ற பெயரில் டர்பன் கட்டி நின்றவர் மைக் ஷா என்ற அமெரிக்க வெள்ளையர். காமா சிங்கின் மருமகன்தான் ஜிண்டர் மஹால். கால்கரியில் பிறந்த கனடியர். கோமாளிக் குழு ஒன்றில் வைக்கப்பட்டு, 2014-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, 2016-ல் திரும்பி வந்து மறுபடி தோற்றுக்கொண்டிருந்தவர்.

2017 ஏப்ரல் 2-ல் ரெஸ்ல்மேனியாவின் முன்னோட்டத்தில் தோற்றார். மே 21-ல் சிகாகோ பக்கம் ராண்டி ஆர்டனை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். நாற்பத்தொன்பது நாள். டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் பட்டத்தை வென்ற முதல் இந்திய வம்சாவளிக்காரர். இந்தியச் சந்தை மீது நிறுவனத்துக்கு இருந்த ஆசையை அன்றே எல்லோரும் பேசினார்கள்.

ரசிகர்கள் கத்தினார்கள். அந்தக் கூச்சலில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, வில்லனைப் பார்த்துக் கத்துவது. அது அவருக்கு வெற்றி. இன்னொன்று, “இவனுக்கு எதுக்கு இது?” என்று முதலாளியைப் பார்த்துக் கத்துவது. வேர்த்து ஏறாதவனை ஏற்றிவிட்டார்கள் என்ற கோபம் அது. இரண்டாவதில் நியாயம் இருந்தது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலாவது எப்படி உண்டாக்கப்பட்டது? நான் வேறு மாதிரி இருப்பதால்தான் என்னை வெறுக்கிறீர்கள் என்று அவரையே அமெரிக்கக் கூட்டத்திடம் பேச வைத்தார்கள். இந்தியாவில் விற்க வேண்டிய சரக்கை அமெரிக்காவின் வெறுப்பில் வளர்த்தார்கள். நவம்பர் 7-ல் பெல்ட் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் போனது. டிசம்பரில் டெல்லியில், சொந்தக் கூட்டத்தின் முன்னால், டிரிபிள் ஹெச்சிடம் தோற்றார். டிரிபிள் ஹெச் அப்போது அந்த நிறுவனத்தின் அதிகாரியாகவும் முதலாளியின் மருமகனாகவும் இருந்தவர்.

கோஃபி கிங்ஸ்டனுக்கு நடந்தது வேறு. கானாவில் பிறந்தவரை ஜமைக்காக்காரர் என்று அறிமுகப்படுத்தியவர்கள், பதினோரு வருடம் நடுவிலேயே வைத்திருந்தார்கள். 2019-ல் காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக உள்ளே வந்தவரை அரங்கம் விடவில்லை. ஏப்ரல் 7-ல் அவர் சாம்பியன். டிக்கெட் வாங்கியவர்கள் கத்தினால் மேலே கேட்கும் என்பதற்கு அது சாட்சி. அக்டோபர் 4-ல் பிராக் லெஸ்னரிடம் சில வினாடிகளில் தோற்றார். எனக்கு எஸ்.டி. ஜோன்ஸ் ஞாபகம் வந்தது.

எங்கள் சத்தம் மட்டும் மேலே போய்ச் சேர்ந்ததே இல்லை. நாங்கள் பார்த்தது கள்ளக் கேசட். எங்கள் கைதட்டல் எந்தக் கணக்கிலும் ஏறாது. தாத்தாவின் இரண்டு வெள்ளியாவது ஏறியது.

தோட்டம் இப்போது செம்பனை. நாங்கள் ஈப்போவில் தாமான் வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. 2017-ல் ஜிண்டர் ஜெயித்த அன்று அக்கா மகன் கைப்பேசியோடு ஓடி வந்தான். சந்தோஷமாகத்தான் வந்தான். பாதி பார்த்ததும் கேட்டான்: “மாமா, நம்மாளு ஜெயிச்சா ஏன் எல்லாரும் திட்டுறாங்க?”

“அவன வில்லனா வெச்சிருக்காங்கடா.”

“யாரு வெச்சது?”

தாத்தாவின் கிங்காங்கிலிருந்து ஆரம்பித்தேன். மல்லிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியப்பா குழாயை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.