பசுமைப் பத்திரம்

பத்திரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீட்டுப் பத்திரமும் நிலப் பத்திரமும்தான். வடமொழியில் இலையைக் குறித்த சொல் இது. இலையில் எழுதிய காலத்தில் இலையின் பெயரே ஆவணத்துக்கும் ஆயிற்று. நம் ஓலையும் அதே வழியில் வந்ததுதான். ‘பத்திரமாக வை’ என்கிறோமே, அது வேறு சொல்; நலம், மங்கலம் என்ற பொருளில் பிறந்து காப்பைக் குறிக்க வந்தது. மூலத்தில் ஒலி வேறான இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன.

கடன் திரட்டுவோர் தரும் ஆவணமும் பத்திரமே. அப்படித் திரட்டும் கடனைச் சூழலுக்கு உகந்த வேலைகளுக்கே செலவிடுவோம் என்று உறுதி கூறும் பத்திரத்துக்குப் ‘பசுமை’ என்ற அடை, 2008-இல் உலக வங்கியின் வெளியீட்டோடு பரவியது. ஐரோப்பிய முதலீட்டு வங்கி அதற்கு முந்தைய ஆண்டே வேறு பெயரில் இதைச் செய்திருந்தது.

இந்தூர் மாநகராட்சி 2023-இல் பொதுமக்களும் வாங்கும்படி பசுமைப் பத்திரம் வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டியது. நர்மதை நீரை நகருக்கு ஏற்றும் பம்புகளின் மின்கட்டணம் பெருஞ்சுமையாக இருந்தது. அதைக் குறைக்க 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைப்பதே நோக்கம். நாம் மிச்சம் பிடித்த பணத்துக்கு இப்படிக் கண்ணுக்குத் தெரியும் வேலை கிடைப்பது நல்லது.

ஆனால் பசுமை என்ற பெயர் அசலுக்குக் காப்பு ஆகாது. வாங்குமுன், பணம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது என்பதை வெளியீட்டு ஆவணத்தில் தேடிப் படியுங்கள்.