முகுன்டுவீப் என்றொரு பள்ளத்தாக்கு

முப்பத்தொரு வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதி மலைப்பாதைகளிலேயே போனது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே மண் சரியும், எங்கே லாரி திணறும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான், மகள் குடும்பத்தோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போனபோது, சயான் தேசியப் பூங்காவின் செம்பாறைகளை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, என் கண் தார்ச்சாலையிலேயே நின்றது. தார் என்று பெயர்தான், அதுவும் சிவப்பு. அந்தப் பக்கத்து எரிமலைக் கல்லை உடைத்து ஜல்லியாகச் சேர்த்திருக்கிறார்கள். பாறை நடுவே சாலை ஓடுவது தூரத்திலிருந்து பார்த்தால் தெரிவதே இல்லை.

கிழக்கு வாசல் வழியாக வந்தோம். ஓரிடத்தில் சாலை மலைக்குள் நுழைந்தது. அந்தச் சுரங்கத்தின் நீளம் 1.1 மைல். 1927-ல் தொடங்கி 1930 ஜூலை 4 அன்று திறந்தார்கள். அன்றைக்கு அந்த நாட்டில் இந்த வகைச் சுரங்கச் சாலைகளில் இதுதான் மிக நீளமானது. குடைந்த முறைதான் என்னை அசர வைத்தது. வாயிலிருந்து தொடங்கவில்லை. செங்குத்தான பாறை முகத்தில் சாரம் கட்டி ஏறி, சாளரம் போலத் துளைத்து உள்ளே போய், அங்கிருந்து இரு பக்கமும் குடைந்திருக்கிறார்கள். முதலில் குறுகலாக ஒரு வழி. பிறகு அதைக் கார் போகும் அளவுக்கு அகலப்படுத்தினார்கள். வெடித்துச் சிதறிய கல்லை அந்தச் சாளரங்கள் வழியாகவே வெளியே தள்ளினார்கள். வேலை முடிந்ததும் சாளரங்களை அடைக்கவில்லை; காற்றும் வெளிச்சமும் வர விட்டுவிட்டார்கள். ஆரம்ப நாட்களில் அங்கே காரை நிறுத்தி வேடிக்கை பார்க்கவும் விட்டார்களாம். நாங்கள் போன அன்று பெரிய வண்டி ஒன்று வந்தது. எதிர்ப்பக்கத்தை நிறுத்தி, அதை நடுவில் ஓடவிட்டார்கள். 1920-களின் காருக்கு அளவெடுத்த வழி அல்லவா!

மலையை மேலிருந்து கீழ்வரை வெட்டிச் சாலை போட்டிருக்கலாம். ஆனால் அதன் முகத்தைக் கெடுக்காமல் உள்ளே புகுந்து போயிருக்கிறார்கள். இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், சாலைக்காரன் மலைக்குச் செய்யக்கூடிய மரியாதை இதற்கு மேல் இல்லை.

அதே மரியாதையை அந்த இடத்தின் பெயருக்குக் காட்டவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்கள் தெற்குப் பையூட் மக்கள். வெர்ஜின் ஆற்றங்கரையில் பயிர் செய்தவர்கள். 1860-களில் மார்மன் குடியேறிகள் வந்தார்கள். அவர்களில் ஐசக் பெஹுனின் என்பவர் பள்ளத்தாக்கில் குடிசை போட்டு, அதற்கு சயான் என்று பெயர் வைத்தார். நம் ஊர்த் தேவாலயங்களில் சீயோன் என்கிறோமே, அதே பெயர்தான். ஆனால் 1872-ல் அங்கே வந்த ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல், பையூட் பெயரைக் கேட்டு எழுதிவைத்தார்: முகுன்டுவீப். நேரான பள்ளத்தாக்கு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஃபிரெடரிக் டெல்லன்பா தீட்டிய சயான் ஓவியங்களைப் பார்த்தவர்கள், இப்படியொரு இடம் இருக்கவே முடியாது என்றார்களாம். 1909-ல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் அதைத் தேசிய நினைவிடமாக்கினார். முகுன்டுவீப் என்ற பெயரிலேயே! ஒன்பது வருஷம்தான் அது நிலைத்தது. உள்ளூர்க் குடியேறிகளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வாயில் நுழையாத பெயர் என்றால் பயணிகள் வரமாட்டார்கள் என்று அதிகாரிகளும் நினைத்தார்கள். 1918-ல் சயான் என்று மாற்றினார்கள். மறு வருஷமே தேசியப் பூங்கா. பிறகு 1923-ல் சீடர் சிட்டி வரை ரயில் வந்தது. அங்கிருந்து ரயில் கம்பெனியின் பேருந்துகள் ஆட்களை ஏற்றிவந்தன. 1925-ல் தங்கும் விடுதி எழுந்தது. சயானிலிருந்து பிரைஸ் கேன்யனுக்கும் கிராண்ட் கேன்யனின் வட கரைக்கும் சுற்றாமல் போகத்தான் இந்தச் சுரங்கமே.

காரில் என் பேத்தியிடம் முகுன்டுவீப் என்று சொல்லச் சொன்னேன். "இதுல என்ன தாத்தா கஷ்டம்? முகுந்தன் மாதிரிதானே இருக்கு!" என்று நாலு தடவை சொல்லிக் காட்டினாள். ஏழு வயது அவளுக்கு. தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கியதும், உதகமண்டலத்தை ஊட்டி ஆக்கியதும் இதே சாக்குதான். நாம் அந்தப் பெயர்களைத் திரும்ப எழுதிக்கொண்டோம். பையூட் மக்களின் பெயர் இன்னும் திரும்பவில்லை.

யூட்டா பக்கம் போகிறவர்கள் கிழக்கு வாசல் வழியாகவே வாருங்கள். சுரங்கத்தைத் தாண்டியதும் சாலை ஆறு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். வண்டியை ஓரம் கட்ட இடம் உண்டு. இறங்கி நின்று பாறை முகத்தைத் தேடினால் சாளரம் ஒன்று கண்ணில் படும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, பள்ளத்தாக்கின் பழைய பெயரையும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்.