ஆள் அவர்தானா? படைப் பணிச் சான்றிதழில் பெயர் மாற்றக் கோரிக்கையும் அமெரிக்கச் சட்டமரபும்

அமெரிக்க ராணுவத்தின் முழுநேரப் பணியிலிருந்து விலகுகிறவர் கையில் டிடி-214 என்னும் படிவத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். 1950 முதல் வழக்கிலிருக்கும் இந்தப் பணிவிடுவிப்புச் சான்றிதழின் முதல் கட்டத்தில் இருப்பது பெயர். முன்னாள் படைவீரருக்கான வீட்டுக்கடன், அரசு வேலையில் முன்னுரிமை, தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என எதைக் கேட்டுப் போனாலும் முதலில் நீட்ட வேண்டிய தாள் அதுதான். பணி முடித்த பிறகு நீதிமன்ற ஆணையின்படி பெயரை மாற்றிக்கொண்ட ஒருவர், அந்தத் தாளிலும் புதிய பெயரைப் போட்டுத் தரும்படி கேட்டால் தரலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஓர் எழுத்தர் முடித்துவிடக்கூடிய சிறு வேலையாகத் தோன்றும் இதற்கு நூற்றைம்பது ஆண்டு நெருங்கும் வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்காமல் சொல்லப்படுவதாலேயே இன்றைய மறுப்புகள் பல தவறாகின்றன என்பது என் கருத்து.

இத்தகைய மனுக்கள் டிடி-149 என்ற படிவத்தில் எழுதப்பட்டு, ராணுவப் பதிவேடுகள் திருத்த வாரியத்துக்குப் போகின்றன. வாரிய உறுப்பினர்கள் படையினர் அல்லர். ராணுவத் துறையில் பணிபுரியும் குடிமை அலுவலர்கள். மறுப்பு ஆணைகளை வரிசையாகப் படித்தால் ஒரே வாதம் கிட்டத்தட்ட ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வரும். பதிவேடு உருவான காலத்தில் நிலவிய உண்மையையே அது காட்ட வேண்டும். மனுதாரர் பணியில் சேர்ந்ததும் கையொப்பமிட்டதும் பதக்கம் பெற்றதும் பழைய பெயரில். ஆகவே பதிவில் பிழை ஏதும் இல்லை. இப்படிச் சொல்லிவிட்டு, இந்த ஆணையின் நகலை மனுதாரரின் கோப்பில் சேர்த்துவைப்போம், இரண்டு பெயர் குறித்து யாருக்கேனும் ஐயம் வந்தால் அது தெளிவுபடுத்தும் என்று ஆறுதலும் சொல்கிறது வாரியம்.

வாதம் நேர்மையானதுதான். ஆவணங்களோடு வாழ்கிறவர்கள், குறிப்பாக வரலாற்று மாணவர்கள், அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிற்காலத்தவரின் விருப்பத்துக்கேற்ப நேற்றைய ஏட்டை இன்று திருத்தத் தொடங்கினால் ஏட்டுக்கு மதிப்பேது? ஆனால் இந்த வாதம் இரு வேறு பொருள்களைப் 'பதிவேடு' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. அரசு தன்னிடம் வைத்துக்கொள்ளும் கோப்பு ஒன்று. வீரரிடம் கொடுத்தனுப்பும் சான்றிதழ் இன்னொன்று. கோப்பு நடந்ததைச் சொல்கிறது. சான்றிதழோ, இதை நீட்டுகிறவரே அந்தப் பணியைச் செய்தவர் என்று எதிரில் இருப்பவருக்கு உறுதி தருகிறது. தாளிலுள்ள பெயரும் நீட்டுகிறவரின் பெயரும் வேறுபட்டால் அந்த உறுதி அங்கேயே முறிந்துபோகிறது.

கோப்பு வேறு, சான்றிதழ் வேறு என்பதை ஒரு தீவிபத்து கண்கூடாக்கியது. 1973 ஜூலை 12 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரையொட்டி இருந்த தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 இறுதிவரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு சாம்பலாயிற்று. அவற்றுக்கு மாற்றுப் படியும் இல்லை, நுண்படமும் இல்லை. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான முதியவர்களின் படைவாழ்வுக்கு எளிதில் கிடைத்த சான்று, அவரவர் வீட்டுப் பெட்டியடியில் மடித்துவைத்த தாள்தான். கோப்பு எரிந்த பிறகும் சான்றிதழ் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அப்படியிருக்க, கோப்புக்குப் பொருந்தும் நியாயத்தை அப்படியே சான்றிதழுக்கும் பொருத்துவது எப்படிச் சரியாகும்?

இந்த வேறுபாடு என் கண்டுபிடிப்பன்று. அமெரிக்க நாடாளுமன்றம் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உள்நாட்டுப் போரில் மிச்சிகன் 2ஆம் காலாட்படைப் பிரிவில் பிராங்க்ளின் தாம்சன் என்ற பெயரில் 1861இல் சேர்ந்தவர், கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் பிறந்த சாரா எம்மா எட்மண்ட்ஸ் என்னும் பெண். 1863இல் மலேரியாக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குப் போனால் பெண் என்பது வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிப் படையை விட்டு நீங்கினார். ஏட்டில் தாம்சன் ஓடிப்போனவராகப் பதியப்பட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, திருமணமாகி சாரா சீலியாக வாழ்ந்துகொண்டிருந்த அவர் ஓய்வூதியம் கேட்டபோது, உடன் போரிட்ட தோழர்கள் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். 1884இல் நாடாளுமன்றம் அவருக்கென்றே தனிச்சட்டம் இயற்றி மாதம் 12 டாலர் வழங்கியது. அந்தச் சட்டம் அவருடைய திருமணப் பெயரை எழுதி, பக்கத்திலேயே பிராங்க் தாம்சன் என்ற மறுபெயரையும் எழுதியது. எந்தப் பெயரையும் அது அழிக்கவில்லை. இரண்டையும் ஓர் ஆளோடு சேர்த்துக் கட்டியது. 1886இல் இன்னொரு சட்டம், ஓடிப்போனவர் என்ற குறிப்பை நீக்கியது.

ஒருவருக்கு இரண்டு சட்டம். எல்லோருக்கும் இப்படி இயற்றிக்கொண்டிருக்க முடியாது. வேறு பெயரில் படையில் சேர்ந்தவர்களோ ஏராளம்: வயது நிரம்பாத சிறுவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள், அதிகாரியின் நாவில் புரளாத அயல்மொழிப் பெயரோடு கப்பலிறங்கியவர்கள். 1890 ஏப்ரலில் நாடாளுமன்றம் இவர்களுக்காகப் பொதுச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சிறுவயதிலோ வேறு காரணத்தாலோ மாற்றுப்பெயரில் உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர்களுக்கு, உண்மைப் பெயரில் விடுவிப்புச் சான்றிதழ் தர வழிசெய்தது அது. பின்னர் பிற போர்களுக்கும் விரிந்த அந்த ஏற்பாடு, இன்று அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 1551ஆம் பிரிவாக நிற்கிறது. நிபந்தனைகள் தெளிவானவை. போர்க்காலப் பணியாக இருக்க வேண்டும். நன்மதிப்போடு விலகியிருக்க வேண்டும். தாம் யாரென்று மெய்ப்பிக்க வேண்டும். குற்றத்தை மறைக்கவோ அதன் விளைவிலிருந்து தப்பவோ மாற்றுப்பெயர் பூண்டிருக்கக் கூடாது. இவை நிறைவேறினால் உண்மைப் பெயரில் சான்றிதழ் தரப்பட்டே ஆக வேண்டும். இந்தப் பிரிவு எங்கும் பழைய ஏட்டைத் திருத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது பேசுவது சான்றிதழைப் பற்றி மட்டும்.

அப்படியானால் 'உண்மைப் பெயர்' எது? பிறந்தபோது வைத்த பெயர்தான் என்று விடைசொல்லத் தோன்றும். அந்த விடையை மறுப்பதற்கென்றே வாழ்ந்ததுபோல் ஒருவர் இருந்தார். அயர்லாந்தில் பெண்ணாகப் பிறந்து, ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்று பெயரிடப்பட்டவர், 1862இல் ஆல்பர்ட் கேஷியர் என்ற பெயரில் இல்லினாய் 95ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். விக்ஸ்பர்க் முற்றுகையில் இருந்தார். 1865இல் படைப்பிரிவு கலைக்கப்படும்வரை பணியாற்றினார். போர் முடிந்தும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. சோனமின் என்ற சிற்றூரில் ஆணாகவே பல்லாண்டு வாழ்ந்தார். 1911இல் ஒரு மோட்டார் வண்டி மோதிக் கால் முறிந்தபோதுதான் விஷயம் மருத்துவருக்குத் தெரியவந்தது. 1914இல் அவர் அரசு மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டபின் செய்தி ஊரெங்கும் பரவியது. ஓய்வூதியத்தில் மோசடியோ என்று ஓய்வூதியத் துறை விசாரணை தொடங்கியது. பழைய படைத்தோழர்கள் வந்து பார்த்து, எங்களோடு போரிட்ட கேஷியர் இவர்தான் என்றார்கள். ஓய்வூதியம் நிற்கவில்லை. 1915இல் இறந்தவரைப் படைச்சீருடையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்து, கல்லில் ஆல்பர்ட் கேஷியர் என்றே பொறித்தார்கள்.

எட்மண்ட்ஸ் படைப்பெயரைக் களைந்துவிட்டு வந்து உரிமை கேட்டார்; கேஷியர் படைப்பெயரைக் கடைசிவரை விடவில்லை. இரண்டு வழக்குகளிலும் அரசு கேட்டது ஒரே கேள்வி: ஆள் அவர்தானா? விடை கிடைத்ததும், அவர் எந்தப் பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தாரோ அந்தப் பெயரிலேயே உரிமையை வழங்கியது. அன்று கேட்கப்பட்ட இந்தக் கேள்வியைத்தான் இன்றைய மறுப்பு ஆணைகள் கேட்பதில்லை. சேர்ந்தபோது பெயர் என்ன என்று கேட்கின்றன. அதற்கு விடை மனுவின் முதல் வரியிலேயே இருக்கிறது; அதை யாரும் மறுக்கவும் இல்லை.

வாரியத்தின் பிறப்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். தனியாளுக்கான திருத்தச் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் மலைபோலக் குவிந்ததால், 1946இன் சட்டமன்றச் சீரமைப்புச் சட்டம் அப்படிப்பட்ட மசோதாக்களுக்குத் தடைவிதித்து, அந்த அதிகாரத்தைப் படைத்துறைச் செயலர்களிடம் ஒப்படைத்தது. அதிலிருந்து பிறந்தவையே திருத்த வாரியங்கள். எட்மண்ட்ஸுக்காக நாடாளுமன்றம் எந்த இருக்கையிலிருந்து பேசியதோ அந்த இருக்கையில் இன்று வாரியம் அமர்ந்திருக்கிறது. அதனால்தான் வாரியத்தின் அதிகாரத்தைச் சொல்லும் 1552ஆம் பிரிவு 'பிழையைத் திருத்தவோ அநீதியை நீக்கவோ' என்று இரு காரணங்களைச் சொல்கிறது. பிழை இல்லை என்று காட்டிவிட்டு மனுவை மூடுகிற ஆணை பாதிக் கடமையைத்தான் செய்திருக்கிறது. பிழையே இல்லாத இடத்திலும் அநீதி இருக்கக்கூடும் என்பதை அறிந்தே 'அநீதி' என்ற சொல் அங்கே வைக்கப்பட்டது.

திருநங்கையரும் திருநம்பியரும் கொண்டுவந்த மனுக்களில் இந்த மற்றப் பாதி மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. பல ஆண்டுகள் மறுத்துவந்த ராணுவ வாரியம், 2014இன் இறுதியில் அத்தகைய சில மனுக்களை ஏற்றுப் புதிய பெயரில் டிடி-214 வழங்கச் செய்தது. டிடி-215 என்ற திருத்தத் தாள் ஏற்கெனவே உண்டு. அதை இணைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்தத் தாள் எது எதுவாக மாற்றப்பட்டது என்பதைப் பழைய படிவத்தோடு சேர்த்தே காட்டும். அதைக் கொண்டு வேலை கேட்கப் போகும் ஒரு திருநங்கை, பணி வரலாற்றைச் சொல்வதற்கு முன் தன் உடலின் வரலாற்றை அறிமுகமில்லாத ஒருவருக்குச் சொல்லியாக வேண்டும். படையில் பணியாற்றிய வேறு யாரிடமும் நாடு இந்த விலையைக் கேட்பதில்லை. இதற்கு அநீதி என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் பெயர் மாற்றமும் ஒரே தட்டில் நிற்பதாக நான் சொல்லவில்லை. திருமணத்தால் பெயர் மாறியவருக்குத் திருமணச் சான்றை உடன் காட்டுவது சிறு தொல்லைதான். குடும்பத்தைக் கொடுமைப்படுத்தியவரின் பெயரைத் துறந்தவர், தன்னைத் துரத்துகிறவரிடமிருந்து மறைந்து வாழ்பவர் ஆகியோருக்குப் பழைய பெயரைக் காட்டுவதே ஆபத்து. இவ்விரு நிலைகளையும் பிரித்துப் பார்ப்பது வாரியத்தால் இயலாத காரியம் அன்று. மோசடிக்கு வழி திறந்துவிடும் என்ற அச்சமும் நிற்காது. பழைய பெயர், புதிய பெயர், நீதிமன்ற ஆணை மூன்றும் ஒரே கோப்பில் இருக்கப்போகின்றன. முகாமில் இட்ட கையொப்பமும் அங்கேயே இருக்கும். நாளைய ஆய்வாளருக்கு ஒரு வரிகூடக் குறையாது.

நம் ஊரில் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. மனைவியின் பெயர் அழைப்புப் பெயராகவே ஏறிவிட்டதால் கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும். பிரமாணப் பத்திரமும் கையுமாக வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதிக் காத்திருந்த மூதாட்டிகளை வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் யாரும் கேட்டறியலாம். அங்கும் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெண்தான் அந்தச் சிப்பாயின் மனைவியா?

அமெரிக்க நாடாளுமன்றம் செய்ய வேண்டியது பெரிதல்ல. 1551ஆம் பிரிவிலுள்ள போர்க்கால நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். மாற்றுப்பெயரில் சேர்ந்தவருக்குத் தரும் அதே உரிமையை, சொந்தப் பெயரில் சேர்ந்து பின்னர் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்டவருக்கும் விரிக்க வேண்டும். குற்றத்தை மறைப்பவருக்கு அது கிடைக்காது என்ற காப்பு அப்படியே இருக்கட்டும். அந்தத் திருத்தம் வரும்வரை, தன் முன் உள்ள ஒவ்வொரு மனுவிலும் பிழையைத் தேடுவதோடு நிற்காமல், அநீதி உண்டா என்ற கேள்வியையும் எழுப்பி, அதற்கான விடையைக் காரணத்தோடு ஆணையில் எழுத வாரியம் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது.