சம்மதித்திருந்தான்



ஸ்தேவானின் மரணத்தில் சவுலுக்கு இருந்த பங்கை வேதம் 'சம்மதித்திருந்தான்' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது (அப்போஸ்தலர் 8:1). அவன் கல்லெறிந்ததாக அங்கே எழுதப்படவில்லை. சாட்சிக்காரர் கழற்றிய வஸ்திரங்கள் அவன் பாதத்தருகே இருந்தன, அவ்வளவே.

கிரேக்க மூலத்தில் அச்சொல் 'சுன்யூடோகேயோ'. 'சுன்' என்பது கூட. 'யூடோகேயோ' என்பது பிரியங்கொள்ளுதல். யோர்தானில் பிதாவானவர் குமாரனிடத்தில் கொண்ட பிரியத்தை மத்தேயு 3:17 கூறுவதும் இவ்வினைச்சொல்லாலேயே. எனவே சவுலின் சம்மதம் வெறுமனே வாளாவிருத்தல் அன்று. கொலைசெய்தவர்களோடு உள்ளம் சேர்ந்த பிரியம். பிற்காலத்தில் எருசலேமில் பவுல் தம் பழைய செயலை அறிக்கையிடுகையிலும் (22:20) லூக்கா இதே சொல்லை எழுதுகிறார். தீமை செய்கிறவர்கள்மேல் பிரியப்படுகிறவர்களைக் குறித்து ரோமர் 1:32இல் பவுலே இச்சொல்லை ஆளுகிறார்.

அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பையோ லூக்கா 23:51 'சம்மதியாதவன்' என்கிறது. தமிழில் சொல் ஒன்றே, கிரேக்கத்தில் வேறு. பிறரோடு சேர்த்துத் தன் வாக்கையும் இடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆலோசனைச் சங்கத்தில் இருந்தும் யோசேப்பு தன் வாக்கை அவர்களுடையதோடு சேர்க்கவில்லை.

அப்படியானால் மௌனம் எப்போதும் சம்மதமா? இங்கிலாந்தில் 1535ஆம் ஆண்டு தாமஸ் மோரின் விசாரணையில் இக்கேள்வியே எழுந்தது. எட்டாம் ஹென்றி அரசரைத் திருச்சபையின் தலைவராக ஏற்கிறாரா என்று கேட்கப்பட்டபோது அவர் பதில் கூறாதிருந்தார். மௌனம் சம்மதமாகவே கொள்ளப்படும் என்பது பழைய சட்ட மொழி. அதன்படி தம்மைக் குற்றப்படுத்த இயலாது என்று அவர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜூலை 6 அன்று அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அந்த மௌனம் மறுப்பே என்பதை அரசரும் அறிந்திருந்தார்.

மௌனத்தின் பொருளை, அதற்காக நாம் கொடுக்கும் விலை வெளிப்படுத்துகிறது. சவுலின் மௌனத்துக்கு விலை ஏதும் இல்லை. மோர் தம் தலையைக் கொடுத்தார். யோசேப்போ துணிந்து பிலாத்துவினிடத்தில் போய் இயேசுவின் சரீரத்தைக் கேட்டான்.

சபைக் கூட்டத்தில் எளியவன் ஒருவனுக்கு விரோதமாகத் தீர்மானம் நிறைவேறும்போது நாம் தலைகுனிந்து அமர்ந்திருக்கலாம். நம் கையில் கல் இல்லாதிருக்கலாம். ஆனால் நம் பாதத்தருகே எவருடைய வஸ்திரங்கள் கிடக்கின்றன? இந்த வாரம் இக்கேள்வியோடு கர்த்தருடைய சமுகத்தில் அமர்ந்திருப்போமாக. ஆமென்.