விசயநகரக் குதிரைப்படைக் கவசம்

விசயநகரக் குதிரைப்படைக் கவசம் என்பது கி.பி. 16 ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் குதிரைவீரர்கள் அணிந்த மெய்க்கவசத்தையும், அவர்களது குதிரைகளுக்குப் பூட்டப்பட்ட காப்புகளையும் குறிக்கும். தமிழகத்தின் பெரும்பகுதி அக்காலத்தில் இப்பேரரசின் ஆட்சியில் இருந்தது. இக்கவசம் பற்றி அறியக்கூடியவற்றுள் முதன்மையானவை டொமிங்கோ பயஸ், பெர்னாவோ நூனிஸ் ஆகிய இரு போர்த்துக்கீசர்களின் குறிப்புகளாகும். இவ்விரு குறிப்புகளும் 1897 இல் லிசுபனில் அச்சேறின. இராபர்ட் சுவெல் இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900 இல் வெளியிட்டார். இருவரும் விவரிப்பது ஒரே கவசத்தை அன்று. இது பல நூல்களில் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது.

பெயர்

மெய்க்கவசத்திற்குத் தமிழில் மெய்ம்மறை என்ற பழஞ்சொல்லும் உண்டு. பதிற்றுப்பத்தில் சேர மன்னன், தன் வீரர்களுக்கு மெய்ம்மறை போன்றவன் எனப் போற்றப்படுகிறான். எனவே கவசம் என்னும் கருத்து இங்கு விசயநகரக் காலத்திற்கு மிக முற்பட்டதாகும்.

பயஸ் கண்ட கவசம்

கிருஷ்ணதேவராயர் காலத்தில், ஏறத்தாழ 1520 இல், பயஸ் விசயநகரத்திற்கு வந்தார். மகாநவமி விழாவின் முடிவில் மன்னர் நடத்திய படை அணிவகுப்பை அவர் நேரில் கண்டார். குதிரைவீரர்கள் பட்டு, வெல்வெட்டு முதலிய துணிகளால் மூடிய சட்டைகளை அணிந்திருந்தனர். துணிக்கு உள்ளே இருந்தது மிக உறுதியான பதனிடாத தோல். அது பல அடுக்குகளாக வைக்கப்பட்டு, இரும்புத் தகடுகளால் வலுவூட்டப்பட்டிருந்தது. சிலருடைய தகடுகள் பொன்முலாம் பூசப்பட்டவை, சில வெள்ளியால் ஆனவை. தலைச்சீராவின் விளிம்பு கழுத்தை மறைக்கும்படி இறங்கியிருந்தது. முகத்திற்கும் தனிக்காப்பு இருந்தது. குதிரைகளின் நெற்றியில் உலோகத் தகடுகளும் பலநிறப் பட்டுக் குஞ்சங்களும் காணப்பட்டன.

நூனிஸ் தரும் செய்தி

நூனிஸ் ஒரு குதிரை வணிகர். 1530களின் நடுவில் தலைநகரில் தங்கியிருந்தவர். 1520 இல் ராய்ச்சூரை நோக்கிப் புறப்பட்ட படையைப் பற்றி எழுதும்போது, குதிரைகள் முழு அணியுடன் இருந்தன என்றும், வீரர்கள் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த சட்டைகளை அணிந்திருந்தனர் என்றும், தலையணியும் அதே முறையில் பஞ்சு திணித்துத் தைக்கப்பட்டது என்றும் குறிப்பிடுகிறார். அவரது வருணனையில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை.

பயஸ் கண்டது விழா அணிவகுப்பு. நூனிஸ் கூறுவது போர்ப்பயணம். ஆகவே பொன்முலாம் பூசிய கவசத்தையே விசயநகரக் குதிரைவீரனின் வழக்கமான போருடை எனக் கொள்வது பொருந்தாது. நூனிஸ் அப்போரைத் தாமே கண்டவர் அல்லர் என்பதும் கருதத்தக்கது. எனினும் தொழிலால் குதிரையும் அதன் பூட்டுகளும் அறிந்த ஒருவரின் சொல்லை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேலும், வெயிலில் பல நாள் பயணம் செய்யும் வீரனுக்குப் பஞ்சுச் சட்டை இரும்பைவிட ஏற்றது. வாள்வெட்டையும் தொலைவிலிருந்து வரும் அம்பையும் அது ஓரளவு தாங்கும்; கிழிந்தால் தையற்காரரே சரிசெய்துவிடலாம்.

குதிரைகள்

கவசம் அணிந்த வீரனைச் சுமக்க வலுவான குதிரை தேவை. மன்னர் ஆண்டுதோறும் ஓர்மசுக் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளுமாக 13,000 வாங்கினார் என்றும், சிறந்தவற்றைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தம் படைத்தலைவர்களுக்குக் கொடுத்தார் என்றும் நூனிஸ் கூறுகிறார். 1510 இல் கோவாவைப் போர்த்துக்கீசர் கைப்பற்றிய பின்னர் கடல்வழிக் குதிரை வணிகம் பெரும்பாலும் அவர்கள் கைக்குச் சென்றது. படையின் வலிமை இவ்வாறு கடலுக்கு அப்பாலிருந்து வந்த சரக்கைச் சார்ந்திருந்தது.

ராய்ச்சூர்ப் போர்

1520 மே மாதம் நடந்த இப்போரில் கிருஷ்ணதேவராயரிடம் 32,600 குதிரைவீரர்கள் இருந்தனர் என்பது நூனிஸ் தரும் கணக்கு. இத்தகைய எண்களை அப்படியே ஏற்பதில் ஆய்வாளர்களுக்குத் தயக்கம் உண்டு. பிசப்பூர் சுல்தானின் பீரங்கிகள் ஒரே நேரத்தில் வெடித்தபோது விசயநகர முன்னணி சிதறியது. தோலோ பஞ்சோ பீரங்கிக் குண்டின் முன் பயன்படவில்லை. பீரங்கிகளில் மீண்டும் மருந்து நிரப்பப்படுவதற்குள் மன்னர் எஞ்சிய படையைத் திரட்டிப் பாய்ந்து வென்றார். முற்றுகையில் கிறித்தோவாவோ டி பிகெய்ரெடோ தலைமையிலான போர்த்துக்கீசத் துப்பாக்கி வீரர்கள் அவருக்கு உதவினர்.

தமிழகத்தில்

1529 முதல் மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டது. நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் தொப்பம்பட்டி, பழனிப் பகுதியும் இவ்வமைப்பிற்கு உட்பட்டதே. ஆயக்குடி, விருப்பாட்சி ஆகியவை அங்கிருந்த பாளையங்கள். திருவரங்கம் சேசராயர் மண்டபத் தூண்களில் பாயும் குதிரைமீது அமர்ந்து புலியைக் குத்தும் வீரர்களைக் காணலாம். அவை வேட்டைக் காட்சிகள் என்பதால் போர்க்கவசத்திற்கு நேரடிச் சான்றாகக் கொள்வது கடினம்.

1755 இல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லில் பொறுப்பேற்ற ஐதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு அங்கு ஆயுதச்சாலை அமைத்தார். பின்னாளில் அவரது குதிரைப்படை பெயர் பெற்றது வேகத்தால். கவசத்தின் கனத்தால் அன்று.

பிரெஞ்சுப் படையுடன் ஒப்பீடு

இதே காலத்தில் பிரான்சில் நேர்மாறான மாற்றம் நிகழ்ந்தது. 1665 இல் தொடங்கிய மன்னரின் கியூராசியர் படைப்பிரிவு ஒன்றே பிரெஞ்சுப் புரட்சிவரை மார்புக்கவசம் அணிந்த பிரிவாக இருந்தது. நெப்போலியன் 1803 அளவில் கனரகக் குதிரைப்படையின் 12 பிரிவுகளைக் கியூராசியர்களாக மாற்றினார். 1809 இல் வாக்ராம் போருக்குப் பின் காரபினியர்களுக்கும் கவசம் அளிக்கப்பட்டது. அது மார்பையும் முதுகையும் காக்கும் இரும்புத் தகடுகளால் ஆனது. வாளையும் கைத்துப்பாக்கியையும் தடுத்தது, அருகிலிருந்து சுடப்படும் நீள்துப்பாக்கியை அன்று. ஆயினும் நெருங்கி மோதும் படைக்கு அது தந்த துணிவு பெரிது. போர்க்களத்தில் இக்கவசம் 1915 வரை நீடித்தது. கியூராஸ் என்னும் பிரெஞ்சுச் சொல் தோலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. பயஸ் கண்ட தோற்கவசத்தையும் அச்சொல்லால் அழைப்பதில் தவறில்லை.

எஞ்சியவை

தோலும் பஞ்சும் இந்நாட்டுத் தட்பவெப்பத்தில் நெடுநாள் நிற்பதில்லை. உலோகப் பகுதிகள் உருக்கி மீண்டும் பயன்படுத்தப்பட்டன. தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையும் 1860களில் ஆங்கில அரசால் கலைக்கப்பட்டது. அங்கிருந்த ஆயுதங்களுள் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.